தேனீக்குப் பயந்தவள் நட்ட நொச்சி

என் மகளை முதன்முதலாகத் தேனீ கொட்டியபோது அவளுக்கு இரண்டரை வயது. கட்டுகஸ்தோட்டைக்கு அப்பால், மடவளைக்குப் போகும் பாதையோரச் சரிவில் ஒரு வாடகை வீட்டுக்கு நாங்கள் குடிவந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. என் கணவர் ரயில்வேயில் கிளாக்கர். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்திருந்தோம். அந்த மலையும் ஈரமும் எனக்குப் புதிது. பகல் முழுக்க நானும் பிள்ளையும் தனியாகத்தான் இருப்போம்.

காதுக்குப் பின்னால் கொட்டியது. கொஞ்ச நேரம் அழுதாள், நான் சுண்ணாம்பு தடவினேன், அடங்கிவிட்டாள். அத்தோடு முடிந்தது என்று நினைத்து அரிசி களையப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் உதடு தடித்திருந்தது. கண்ணிரண்டும் வீங்கி மூடியிருந்தன. உடம்பெல்லாம் சிவந்து திட்டுத் திட்டாய்க் கிளம்பியிருந்தது. அவள் மூச்சு விடும்போது தொண்டைக்குள் ஒரு விசில் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பாதைக்கு ஓடினேன். தேங்காய் ஏற்றிவந்த ஒரு மாட்டுவண்டிக்காரர் ஏற்றிக்கொண்டு போய் மருந்துச்சாலையில் விட்டார். அங்கு வைத்தியம் பார்த்த அப்போதிக்கரி ஊசி போட்டார். ஒரு மணி நேரம் கழித்துத்தான் விசில் நின்றது.

"இந்தப் பிள்ளைக்குத் தேனீ ஆகாது," என்றார் அவர். "இன்னொருக்கால் கொட்டினால் இதைவிட மோசமாகலாம். ஒன்றுமே ஆகாமலும் போகலாம். கவனமாயிருங்கோ."

முதற் பாதி மட்டுமே என் காதில் விழுந்தது.

தேனீ எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டியிருக்கவில்லை. பக்கத்து வீட்டு இறவாரத்தில் தேனுக்காக ஏழு மண்குடங்கள் கயிற்றில் தொங்கின. ஒவ்வொன்றின் வயிற்றிலும் விரல் நுழையும் அளவு துளை. அந்தத் துளைகளால் நாள் முழுக்கத் தேனீ போகும், வரும். அந்த வீட்டில் ஒரு முஸ்லிம் பெண் இருந்தார். நாற்பது வயதிருக்கும், பிள்ளைகள் இல்லை. கணவருக்குக் கம்பளையில் கடை. அவர் வியாழக்கிழமை பின்னேரம் ரயிலில் வந்து வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து போய்விடுவார். முஸ்லிம் ஆட்கள் அக்காவை ராத்தா என்பார்கள். ஊரில் எல்லாரும் அவரை அப்படியே கூப்பிட்டதால் நானும் அப்படித்தான் கூப்பிடத் தொடங்கியிருந்தேன்.

மருந்துச்சாலையிலிருந்து திரும்பிய அன்றைக்கு மட்டும் ராத்தா என்று கூப்பிடவில்லை. வேலியில் நின்று கத்தினேன். "உங்கடை பூச்சியளாலை என்ரை பிள்ளை செத்துப் போயிருக்கும்" என்றேன். அவர் முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். மறுநாள் பார்த்தபோது குடங்கள் ஏழும் அவர் வீட்டின் மற்றப் பக்க இறவாரத்துக்கு மாறியிருந்தன. அதற்கும் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் அவரோடு பேசவே இல்லை.

வீடு மாறலாம் என்று கணவரை நச்சரித்தேன். கண்டியில் எங்கள் சம்பளத்துக்கு வேறு வீடு அகப்படவில்லை. ஆகவே என்னால் முடிந்ததைச் செய்தேன். வளவில் பூக்கிற எதையும் விடவில்லை. முன்பு இருந்தவர்கள் நட்ட செவ்வந்தி, ரோசா, துளசி, குசினிக்குப் பின்னால் படர்ந்திருந்த பூசணிக் கொடி, எல்லாவற்றையும் வேரோடு பிடுங்கிச் சரிவில் எறிந்தேன். பூ இல்லாவிட்டால் தேனீ வராது என்பது என் கணக்கு. யன்னல்களைப் பகலிலும் சாத்தினேன். பிள்ளையின் சட்டைகளை உதறி, திருப்பி, மறுபடி உதறித்தான் போடுவேன். தூரத்தில் ஒரு மோட்டார் கார் ஏறிவந்தாலும் அந்த இரைச்சல் தேனீக் கூட்டமாய்க் கேட்கும், ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்குவேன்.

அடுத்த ஆண்டு மழை பொய்த்தது. கண்டிப் பக்கத்தில் அப்படி ஒரு வெயிலை யாரும் கண்டதில்லை என்றார்கள். எங்கள் கிணற்றில் வாளி மண்ணில் முட்டியது. சரிவுப் புல் காய்ந்து வைக்கோல் நிறமாயிற்று. காட்டு மரங்கள் அந்த வருஷம் பூக்கவில்லை.

அப்போதுதான் தேனீக்கள் வீட்டுக்குள் வரத் தொடங்கின. முதலில் ஒன்றிரண்டு. பிறகு குசினிக்குப் போனால் நிச்சயம் நாலைந்து இருக்கும். ஊரிலிருந்து அனுப்பிய பனங்கட்டிக் குட்டானில், அந்தச் சின்ன ஓலைப் பெட்டியில், மொய்த்தன. தண்ணீர்க் குடத்தின் ஈர விளிம்பில், பாத்திரம் துடைத்த துணியில், ஒரு நாள் பிள்ளை பால் குடித்து வைத்த கோப்பையின் அடியில். அந்தக் கோப்பையைக் கண்டதும் பிள்ளையைக் கட்டிலில் ஏற்றி கொசு நுழையாத நுளம்பு வலையைப் போட்டு மூடி, "இறங்கக்கூடாது, இறங்கினால் செத்துப்போவாய்" என்றேன். மூன்றரை வயதுப் பிள்ளைக்குச் சொல்லுகிற பேச்சா அது? சொன்னேன். தினமும் சொன்னேன்.

ஒரு காலை குசினியிலிருந்து ஒரு துணியால் தேனீக்களை விரட்டிக்கொண்டிருந்தேன். ராத்தா வேலிப் பக்கம் வந்து நின்றார்.

"அடிக்காதீங்க தங்கச்சி. அதுகள் பசியில வருதுகள்."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் விடவில்லை.

"நான் சொல்றதக் கேளுங்க. எங்கயும் பூ இல்ல. வெளிய தின்ன இருந்தா உங்கட வீட்டுக்குள்ள என்னத்துக்கு வரப்போகுதுகள்? என்ட குடம் ரெண்டு ஏற்கனவே காலியாப் போயிட்டு."

"அப்ப மிச்சத்தையும் எடுத்து எறியுங்கோ," என்றேன்.

"எறியலாம். காட்டில இருக்கிறத எப்பிடி எறியிற? மலையில எத்தின பொந்து இருக்கு. அதுகளும்தான் வருது." மேலும் சொன்னார்: "நிழலில தட்டத்தில தண்ணி வச்சி, கூழாங்கல்லுப் போட்டு வைக்கிறன். தண்ணிக்கு இங்க வராது. பூவுக்குத்தான் வழி பாக்கணும். ஆத்தங்கரையில நொச்சி இன்னும் பச்சையா நிக்குது. சிங்களத்தில நிக என்பாங்க. மழை இல்லாட்டியும் பூக்கும். வளவு அந்தத்தில நட்டா, எல்லாம் அங்கதான் போகும்."

தேனீக்குப் பூ நட என்னிடமே கேட்கிறார்! எனக்குக் கோபத்தில் அழுகை வந்தது. அன்று பின்னேரம் கணவரிடம் சொன்னபோது அவர் சப்பாத்தைக் கழற்றியபடியே யோசித்தார்.

"அந்த மனிசி சொல்லுறதிலை பிழையொன்றும் இல்லை. நீர் பூவெல்லாம் பிடுங்கினீர். அதுக்குப் பிறகுதானே குசினிக்கை வந்தது?"

"அப்ப என்னிலையோ குற்றம்?"

"குற்றமெண்டு ஆர் சொன்னது? உமக்குப் பயம். எனக்கும் பயம்தான். அதுக்காகச் சும்மா இருக்கேலாது."

அவருக்கும் பயம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவர் பிள்ளையோடு வீட்டில் இருக்க, நானும் ராத்தாவும் கத்தியோடு ஆற்றுக்கு இறங்கினோம். மகாவலி நடுவில் பாறைகள் முதுகு காட்டிக் கிடந்தன. தண்ணீர் அங்கங்கே குட்டையாய் நின்றது. கரை வெடித்திருந்தது. ஆனால் நொச்சி நின்றது, ராத்தா சொன்னபடியே. விரல் விரித்த மாதிரி இலை, அடிப்பக்கம் வெளுப்பு. ஊரில் காய்ச்சலுக்கு ஆவி பிடிக்கிற அதே இலை, கசக்கியதும் அதே காரமான மணம். பெருவிரல் பருமனான கொம்புகளாகப் பார்த்து முழ நீளத்துக்கு வெட்டினோம். நாற்பது கொம்புக்கு மேல் இருக்கும்.

வளவின் கடைசியில், வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரத்தில், இரண்டு வீட்டுக்கும் பொதுவான கல்வரம்பின் அடியில் நட்டோம். ராத்தா கம்பியால் துளை போட்டார், நான் கொம்பை இறக்கி மண்ணை மிதித்தேன். கொம்பைத் தலைகீழாக நட்டுவிடாமல் இருக்கக் கணுவைப் பார்க்கச் சொல்லித் தந்தார். "ஆடு மாடு கடிக்காது, வேலிக்கும் நல்லம்" என்றார். நான் ஊம் கொட்டினேன், அவ்வளவுதான்.

குளித்த தண்ணீர், அரிசி களைந்த தண்ணீர், சவுக்காரம் படாத எதுவானாலும் வாளியில் சேர்த்து ஒன்றுவிட்ட ஒருநாள் கொண்டுபோய் ஊற்றினேன். உண்மையைச் சொல்ல வேண்டும். ஊற்றும்போது பாதி மனம் இவை பட்டுப்போகட்டும் என்று வேண்டியது. கருகிய கொம்பைக் கண்டால் ஒரு நிம்மதி வரும், உடனே குசினியின் பனங்கட்டிக் குட்டான் நினைவுக்கு வரும், இன்னும் ஒரு சிரட்டை ஊற்றுவேன். பத்துப் பன்னிரண்டு பட்டுப்போயின. மற்றவை மூன்றாம் கிழமை கணுவில் துளிர்விட்டன. இடையில் இரண்டு சின்ன மழை பெய்தது, அது போதுமாயிருந்தது. அதன்பின் வெயில் என்ன செய்தும் அவை அசையவில்லை. அடுத்த வருஷம் இன்னும் கொடிய வறட்சி வந்தபோது என் நெஞ்சளவுக்கு வளர்ந்து நின்றன.

ஒருநாள் நுனியில் ஊதா நிறத்தில் பொடிப் பூக்கள் கண்டேன். மறுநாள் தேனீ கண்டேன். ஒரு கிழமைக்குள் அந்த வரம்பு முழுக்க ஊதாக் கதிர்கள். காலையில் குசினி வாசலில் நின்றால் அவ்வளவு தூரத்துக்கும் ஓசை வரும், யாரோ தொண்டைக்குள் முனகுகிற மாதிரி. என்ன காரியம் செய்துவிட்டேன், ஊரிலுள்ள தேனீயெல்லாம் கூப்பிட்டு என் பிள்ளை இருக்கிற வளவில் விட்டுவிட்டேனே என்று நினைப்பேன்.

ஆனால் குசினியில் தேனீ இல்லை. முதல் நாள் நம்பவில்லை. பனங்கட்டிக் குட்டானை வேண்டுமென்றே திறந்து வைத்துவிட்டுக் கதவிடுக்கால் பார்த்தேன். நெடுநேரம் ஒன்றும் வரவில்லை. மத்தியானம் ஒன்று வந்தது, சுற்றியது, போய்விட்டது. வேலியடிக்குப் போய் ராத்தாவைக் கூப்பிட்டேன். "குசினிக்கை வரேல்லை" என்று மட்டும் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு உள்ளே போய் ஒரு சிறிய போத்தலில் தேன் கொண்டுவந்து நீட்டினார். வாங்கி அலுமாரியின் மேல்தட்டில் வைத்தேன். பிள்ளைக்குக் கொடுக்கப் பயம்.

இதற்கிடையில் என் மகளுக்கு ஐந்து வயதாகிவிட்டிருந்தது. அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். அவளோ வாசற்படி தாண்டமாட்டாள். ஈ, இலையான் பறந்தாலும் வீரிட்டுக் கத்தி வலைக்குள் ஓடுவாள். காற்றில் வாசற்படிக்கு அடித்துவந்த பூவரசம் பூவைக்கூடக் காலால் தொடமாட்டாள். நான் ஊட்டிய பயம் அவளுக்குள் என்னுடையதைவிடப் பெரிதாய் வளர்ந்திருந்தது. அதை எப்படித் திரும்ப எடுப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு காய்ச்சல் வந்தது. ஆற்றுக் குட்டைகளில் நுளம்பு பெருகி, மலேரியா வீடு வீடாக இறங்கியது. காலையில் பாதையில் பார்த்தால் கம்பளி போர்த்துக்கொண்டு ஆசுபத்திரிக்குப் போகிறவர்கள் வரிசையாய்ப் போவார்கள். சிலர் மரத்தடியில் உட்கார்ந்துவிடுவார்கள். ஜனாஸா போகாத நாளில்லை, பிரேதம் போகாத நாளில்லை. ராத்தாவுக்கும் குளிர்காய்ச்சல் பிடித்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் நடுங்குவார். நான் கஞ்சி வைத்து வேலியால் கொடுப்பேன்.

அப்படி ஒரு முற்பகல். கொடியில் காய்ந்த உடுப்புகளை அள்ளிக்கொண்டு வந்து கட்டிலில் போட்டேன். யன்னல் கதவெல்லாம் வழக்கம்போலச் சாத்தியிருந்தது. கணவரின் சட்டை மடிப்பிலிருந்து ஒரு தேனீ எழும்பியது. நானே என் கையால் அள்ளிக்கொண்டு வந்திருக்கிறேன்! பிள்ளை கண்டுவிட்டாள். சுவருக்குச் சுவர் ஓடினாள். தேனீக்கும் வெளியே போக வழியில்லை, அதுவும் யன்னல் கண்ணாடியில் மோதி மோதித் திரும்பியது. நான் யன்னலைத் திறக்கப் போவதற்குள் அவள் கையை வீசி அடித்தாள். மணிக்கட்டில் கொட்டிவிட்டது.

நான் கத்திய கத்தலில் ராத்தா எழும்பி வந்துவிட்டார். கம்பளியைச் சுற்றியிருந்தார், பல்லுக்குப் பல் அடித்துக்கொண்டிருந்தது. பிள்ளையின் கையைப் பிடித்து நகத்தால் வழித்துக் கொடுக்கை எடுத்தார். "கிள்ளி எடுக்கப்படாது, விஷம் உள்ள போகும்" என்றார். பிறகு பிள்ளையை என்னிடமிருந்து பிடுங்கினார்.

"ராத்தா, உங்களுக்குக் காய்ச்சல். நான் தூக்கிறன்."

"உங்கட கையப் பாருங்க. புள்ளயக் கீழ போட்டுருவீங்க. நடங்க முன்னுக்கு!"

காய்ச்சலில் நடுங்குகிறவர் பயத்தில் நடுங்குகிறவளைப் பார்த்துச் சொன்னது அது. சரிவுப் படிகளில் வெறுங்காலோடு இறங்கினார். பாதையில் மடவளையிலிருந்து கண்டிக்குப் போகும் பஸ் வந்தது. நடுப்பாதையில் நின்று மறித்தார். "இடையில எங்கயும் நிப்பாட்டாதீங்க, ஆசுபத்திரிக்கு ஓட்டுங்க" என்றார். சாரதி அப்படியே ஓட்டினார்.

அந்தப் பயணம் எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. பிள்ளையின் வாயில் காதை வைத்துக் கேட்டேன், விசில் வருகிறதா என்று. பஸ்ஸின் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. நெஞ்சில் கையை வைத்தேன், பஸ்ஸின் அதிர்வுதான் தெரிந்தது. உதட்டைப் பார்த்தேன், கண்ணைப் பார்த்தேன், திரும்ப உதட்டைப் பார்த்தேன். தடித்திருக்கிறதா, அல்லது எனக்குத்தான் அப்படித் தெரிகிறதா? பிள்ளை அழவில்லை. "அம்மா, நான் செத்துப்போவனோ?" என்று கேட்டாள். நான் சொல்லிக்கொடுத்த வார்த்தை. ராத்தாதான் சொன்னார், "இல்லம்மா. கைதான் வீங்கும். ரெண்டு நாளையில வடிஞ்சிரும்." அவருக்கு அது தெரியாது என்று எனக்குத் தெரியும்.

ஆசுபத்திரி விறாந்தை முழுக்கக் காய்ச்சல்காரர்கள் பாயில் கிடந்தார்கள். காலை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. ஒரு டாக்டர் பிள்ளையை மர வாங்கில் இருத்தி, தொண்டையைப் பார்த்து, நெஞ்சைக் கேட்டு, "இங்கேயே இருங்கோ, ஒரு மணித்தியாலம் பார்ப்போம்" என்றார். ஊசி தயாராய் மேசையில் இருந்தது. நான் பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கை முழங்கை வரைக்கும் வீங்கியது. அதற்கு மேல் ஏறவில்லை. மூச்சு சீராக இருந்தது.

"இந்த முறை தப்பிவிட்டாள்," என்றார் டாக்டர். "அடுத்த முறை எப்படியென்று யாராலும் சொல்ல முடியாது."

நன்றி சொல்லத் திரும்பினேன். ராத்தா வாங்கிலிருந்து சரிந்து தரையில் கிடந்தார். தொட்டால் கை சுட்டது. அன்றே அவரை அங்கே சேர்த்துக்கொண்டார்கள். பாயில் படுக்க வைத்தபோது என் சேலையைப் பிடித்து இழுத்து, "குடத்துக் கயித்தில எறும்பு ஏறும் தங்கச்சி. வேப்பெண்ணெ பூசிவிடுங்க" என்றார்.

மூன்று கிழமை அவர் அங்கே கிடந்தார். கம்பளையிலிருந்து அவருடைய கணவர் வந்து ஆசுபத்திரியோடு இருந்தார். எறும்புக்கு நான்தான் இருந்தேன். என் கணவரின் பழைய கோட்டை மாட்டி, சேலைத் தலைப்பால் முகத்தைக் கட்டி, முக்காலியில் ஏறி, கயிற்றில் எண்ணெய் பூசுவேன். துளைக்கும் என் முகத்துக்கும் ஒரு சாண் இருக்கும். கந்தசஷ்டி கவசம் சொல்லிக்கொண்டு ஏறுவேன், பாதியில் மறந்துபோகும். இரண்டு தடவை கையில் கொட்டியது. வலித்தது, வீங்கியது, அவ்வளவுதான். நான் ஏறி இறங்குவதை மகள் திறந்த யன்னலால் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த நாளுக்குப் பிறகு யன்னல்களை நான் சாத்தவில்லை.

ராத்தா திரும்பி வந்தபோது தலைமுடி பாதி கொட்டியிருந்தது. கொயினா மருந்து குடித்துக் குடித்துக் காது சரியாய்க் கேட்கவில்லை. எங்கள் வீட்டுக் கதிரையில் இருத்திக் கோப்பி கொடுத்தேன்.

"எத்தின குடம் மிச்சம்?" என்று கேட்டார்.

"மூன்று," என்று விரலைக் காட்டினேன். "நொச்சி இருந்தபடியாலை அவ்வளவாவது நிண்டது."

மகள் கதவோரத்தில் நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிட்ட வந்து அவர் காதுக்குள் உரக்கக் கேட்டாள்: "அது ஏன் என்னைக் கொட்டினது?"

"நீங்க அடிச்சீங்களே. அது பயந்துட்டு."

"அதுக்கும் பயமோ?"

"பின்ன?"

அதற்குப் பிறகு அவள் ஒரேயடியாக மாறிவிட்டாள் என்று சொன்னால் பொய். நாலைந்து மாதம் கழித்துத்தான் பள்ளிக்கூடம் போனாள். பாதைக்கு இறங்கும் படி நொச்சி வரம்பின் ஓரமாகத்தான் போகும். பூக்கிற நாட்களில் அவள் என் கையை நசுக்கிப் பிடிப்பாள், நான் அவள் கையை நசுக்கிப் பிடிப்பேன். ஓடாமல், கை வீசாமல், மெதுவாக நடந்து கடப்போம். அந்த வீட்டை விட்டுப் போகும்வரை எனக்கு அந்த நடை ஒருநாளும் இலேசாகவில்லை.

வெகுகாலத்துக்குப் பிறகு, கலியாணமாகி மட்டக்களப்பில் இருந்தபோது, அவள் எனக்கு ஒரு கடிதம் எழுதினாள். பிள்ளைகளின் படிப்பு, வீட்டுக் கூரை வேலை, மீன் விலை எல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் இடம் கொஞ்சம் மிஞ்சியதற்காகச் சேர்த்த மாதிரி ஒரு வரி இருந்தது. போன கிழமை கிணற்றடியில் தேனீ கொட்டியது, கொஞ்சம் கடுத்தது, சுண்ணாம்பு தடவினேன், நீங்கள் யோசிக்க வேண்டாம்.

கடிதத்தின் திகதியைப் பார்த்தேன். ஒன்பது நாள் ஆகியிருந்தது. அப்படியிருந்தும் எழும்பிப் போய்த் தந்திக் கந்தோரில் நின்று, சுகமா என்று கேட்டுத் தந்தி அடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.